பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்க, பிள்ளைக்குப் பந்தை அடிக்கச் சொல்லிக்கொடுங்க

1.
கொஞ்சம் நீளமான இழை. பெற்றோர், ஆசிரியர், ஹெச்.எம். எல்லாரும் கடைசி வரை படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ஏழு வயசுப் பிள்ளைக்கு, அசையாம நிக்கிற ஒரு பந்தைக்கூட மட்டையால் அடிக்க வரலைன்னா அது பிள்ளையோட குறை இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கலை. சொல்லிக்கொடுக்க வேண்டிய பீரியடில் அது உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கிட்டு இருந்திருக்கு.

2.
நான் கிரிக்கெட் கோச் இல்லை. துவாக்குடியில் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர். ஒரு பக்கம் பெல், இன்னொரு பக்கம் என்.ஐ.டி., நடுவுல சிட்கோ பட்டறைகள். ஷிஃப்ட் கணக்கில் வாழ்ற ஊர். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குவார், அம்மா வேலைக்குக் கிளம்புவாங்க, பிள்ளை கையில் போன் இருக்கும்.

"கண்ணாடி பவர் வருஷா வருஷம் ஏறுது சார்", "வெயிட் ஏறிக்கிட்டே போகுது", "எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுடறான்". இப்படித்தான் வருவாங்க. ஸ்கூல்ல வாரத்துக்கு எத்தனை தடவை விளையாட விடறாங்கன்னு திருப்பிக் கேட்டா பெரும்பாலும் பதில் இருக்காது. மார்க் தெரியும், ரேங்க் தெரியும், இது மட்டும் தெரியாது.

3.
ஓடுறது, குதிக்கிறது, எறியறது, பிடிக்கிறது, உதைக்கிறது, அடிக்கிறது. குழந்தையோட உடம்பு கத்துக்க வேண்டிய அடிப்படை அசைவுகள் இவை. எழுத்துக்கு அ, ஆ மாதிரி.

மூணு வயசிலிருந்து பத்து வயசு வரை பிள்ளைகளோட அசைவுத் திறனைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துற ஒரு சோதனை இருக்கு. அதில் ஒரு கேள்வியே, அசையாம இருக்கிற பந்தை ரெண்டு கையாலும் மட்டை பிடிச்சு அடிக்கத் தெரியுதா என்பதுதான். கிரிக்கெட்டே ஆடாத நாட்டிலும் இதைத்தான் பார்க்கிறாங்க.

4.
ஒரு பந்தை அடிக்கும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. கண் பந்தைப் பிடிக்கணும். பாதம் தரையை அழுத்தணும். இடுப்பு திரும்பணும், அதுக்குப் பின்னால் தோள், அதுக்குப் பின்னால் கை. வலதும் இடதும் சேர்ந்து வேலை செய்யணும். எப்போ வீசணும்னு மூளை முன்கூட்டியே முடிவெடுக்கணும். இவ்வளவும் ஒரு நொடிக்குள்ளே.

இது தானா வராது. நடை தானா வரும். பேச்சு, பேசறவங்க சுத்தி இருந்தா வரும். பந்தை அடிக்கிறது நிறைய தடவை அடிச்சுப் பார்த்தாத்தான் வரும்.

5.
"பிராட்மேனுக்கு எந்த பி.டி. சார் சொல்லிக்கொடுத்தார்?"னு ஒருத்தர் கேட்பார். சரி, அதையே எடுத்துக்குவோம். பௌரல் ஊர்ல வீட்டுத் தண்ணித் தொட்டியோட அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிஞ்சு, திரும்பி வர்றதை ஒரு ஸ்டம்பால் அடிச்சுக்கிட்டே இருந்தவர் அவர்.

கோச் இல்லாமலே கத்துக்கிட்டார், உண்மை. ஆனா அவருக்கு ஒரு சுவர் இருந்தது, நேரம் இருந்தது, "டியூஷனுக்கு நேரமாச்சு"ன்னு கூப்பிட ஆள் இல்லை. இந்த மூணில் ஒண்ணாவது நம்ம காம்பவுண்டு வீட்டுப் பிள்ளைக்கு இருக்கா?

6.
"நாங்கெல்லாம் தெருவுல ஆடிக் கத்துக்கலையா?" இது அடுத்த கேள்வி.

யார் கத்துக்கிட்டாங்க? பேட் வச்சிருந்தவனும், கூட்டத்துல பெரியவனும். சின்னப் பிள்ளை ஒப்புக்குச் சப்பாணி, சாக்கடைக்குள் விழுந்த பந்தை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். பொம்பளப் பிள்ளைன்னா திண்ணையிலிருந்து வேடிக்கை.

தெரு ஆட்டத்தோட சட்டத்தை யோசிச்சுப் பாருங்க. அவுட் ஆனா வெளியே. நல்லா ஆடறவன் நாற்பது பந்து ஆடுவான். ஆடத் தெரியாதவன் ஒரு பந்தில் கிளம்பிடுவான். யாருக்கு அதிகப் பழக்கம் வேணுமோ அவனுக்குத்தான் குறைவாக் கிடைக்குது. ஆட்டத்துக்கு அது சரி. பள்ளிக்கூடத்துக்கு அது அநியாயம்.

7.
ஆனா பி.டி. பீரியட் நடக்கிற இடத்திலும் பல நேரம் இதே தெருச் சட்டம்தான். ஒரு பேட், ஒரு பந்து, நாற்பது பிள்ளைங்க.

கணக்குப் போடுவோம். 40 நிமிஷப் பீரியட். வரிசையில் வந்து நிக்க 5 நிமிஷம், திரும்பிப் போக 5 நிமிஷம். மீதி 30. பந்தைப் போட்டு, அடிச்சு, ஓடிப்போய் எடுத்து வர அரை நிமிஷம்னா மொத்தம் 60 பந்து. ஒரு பிள்ளைக்கு ஒன்றரைப் பந்து.

ஒரு பீரியடுக்கு ஒன்றரை எழுத்து எழுத வச்சு யாராவது தமிழ் கத்துக்கொடுப்பாங்களா?

8.
அந்தப் பீரியடாவது இருக்கான்னா, "போர்ஷன் முடிக்கணும்"னு கணக்கு டீச்சர் கடன் வாங்கிட்டுப் போயிடறாங்க. எந்தப் பள்ளியிலும் இந்தக் கடன் திரும்பி வந்ததா வரலாறு இல்லை.

இந்தப் பீரியடைக் கடன் வாங்காதீங்கன்னு உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரா மேடையிலேயே கேட்டுக்கிட்டார். கைதட்டல் கிடைச்சது, மீம்ஸ் வந்தது. உங்க பிள்ளையோட டைம்டேபிளை எடுத்து, போன வாரம் பி.டி. நடந்துச்சான்னு இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க.

9.
இதுக்குக் கீழே ஒரு சட்ட ஓட்டை இருக்கு. அதைப் பத்தி யாரும் பேசறதில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையைப் படிங்க. விளையாட்டு மைதானம் வேணும்னு இருக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள் வேணும்னு இருக்கு. ஆனா உடற்கல்விக்கு ஆள்? 6 முதல் 8 வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு பகுதிநேரப் பயிற்றுநர். 1 முதல் 5 வரை ஒருத்தரும் கிடையாது.

அடிப்படை அசைவுகள் பதிய வேண்டிய வயசு ஆறிலிருந்து பத்து. ஆள் வர்றது பதினொண்ணில். நாத்து நட வேண்டிய ஆடியை விட்டுட்டு மார்கழியில் ஏர் கட்டற கதை.

10.
அப்படி வர்ற ஆளோட நிலைமையும் தெரிஞ்சுக்கங்க. 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமிச்சாங்க. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதுக்கப்புறம் நிரந்தரப் பணி கேட்டு அவங்க நடத்தின போராட்டங்களை நாம் டிவியில் பார்த்துட்டுச் சேனலை மாத்தினோம்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு மரியாதைன்னு அதைச் சொல்லிக்கொடுக்கிறவர் சம்பளமே சொல்லிடும்.

11.
அதனால நான் தொடக்கப் பள்ளி டீச்சரைத் திட்டப் போறதில்லை. ஒரே ஆள் தமிழ், கணக்கு, சத்துணவு, ஆன்லைன் பதிவு எல்லாம் பார்க்கணும். "இதுல பேட்டிங் வேற நானா?"ன்னு அவங்க கேட்டா அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு.

அவங்களுக்கு நான் சொல்றது: நீங்க கிரிக்கெட் தெரிஞ்சவரா இருக்கத் தேவையில்லை. பதினைஞ்சாவது பதிவுல இருந்து எழுதியிருக்கேன். அரை மணி நேரத்தில் பிடிபடும்.

12.
இப்போ எதிர்க் கோடிக்கு வருவோம். காசு உள்ள வீடு. ஆறு வயசுல அகாடமி. வெள்ளை டிரஸ், முதுகுல கிட் பேக், முதல் மாசமே தோல் பந்து.

பெரியவங்க ஆடற கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், கல்லு மாதிரி இருக்கும். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. ஆறு வயசுப் பிள்ளைக்குத் தோல் பந்து போட்டா அது முதலில் கத்துக்கிறது கவர் டிரைவ் இல்லை, பயம். பந்து வரும்போது கால் லெக் சைடு ஒதுங்கும், முகம் திரும்பும், கண் மூடும். அப்புறம் அதைச் சரிபண்ண வருஷக்கணக்கா ஃபீஸ் கட்டணும்.

13.
அடுத்தது பேட். "ரெண்டு வருஷம் வச்சு ஆடட்டும்"னு பெரிய சைஸா வாங்கறது. செருப்பு வாங்கற புத்தி. கனமான பேட்டைத் தூக்க முடியாம கீழ்க்கை மொத்த வேலையையும் எடுத்துக்கும். நேரா வர வேண்டிய மட்டை குறுக்கே வரும். மணிக்கட்டும் தோளும் வலிக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை பண்ணுங்க. பிள்ளை மேல்கையால் மட்டும் பேட்டைப் பிடிச்சு முன்னால் நீட்டட்டும். நடுங்காம சில நொடி பிடிக்க முடிஞ்சா அதுதான் அதோட பேட். தரையில் ஊன்றினா பிடி இடுப்பைத் தாண்டக் கூடாது.

14.
இந்த வயசுல விளையாட்டுக் காயம்னு டாக்டர்கிட்ட வர்றதில் முக்கியமானது, பேட் வீசறவன் பின்னால் நின்னு முகத்தில் வாங்கறது. பல் போகும், புருவம் கிழியும். அடுத்தது கண்ணில் பந்து. டென்னிஸ் பந்துதானேன்னு நினைக்காதீங்க. கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசியலாம், வெளியே ஒண்ணும் தெரியாது.

கண்ணில் பட்டால்: தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், பன்னீர், வீட்டில் கிடக்கிற பழைய சொட்டு மருந்து எதுவும் ஊத்தக் கூடாது. அன்னைக்கே கண் டாக்டர். "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது.

இந்தக் காயங்களில் பெரும்பகுதி, ஒரு பெரியவர் நின்னு ஒழுங்குபடுத்தினா நடக்காது. பள்ளியில் சொல்லிக்கொடுக்கணும்னு நான் கேட்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

15.
சரி, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? நாலு படி.

முதல் படி: பந்து அசையக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் மணல் நிரப்பி, வாய் மேல் பந்தை வைங்க. பிள்ளை பக்கவாட்டில் நிக்கட்டும், கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு. பேட் தரையில் கிடக்கட்டும். கோடாலியை எடுக்கிற மாதிரி ரெண்டு கையாலும் எடுக்கச் சொல்லுங்க. கைகள் ஒட்டியிருக்கும், பிடி தானா சரியா வரும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கை மேலே. இடக்கைப் பிள்ளையை மாத்தாதீங்க, அதுக்கு வலக்கை மேலே.

சொல்ல வேண்டியது மூணே வார்த்தை: "பாரு, எட்டு வை, அடி." எங்கே போச்சுன்னு கவலைப்படாதீங்க.

16.
ரெண்டாம் படி: பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு வேப்பமரக் கிளையில் முட்டி உயரத்துக்குத் தொங்க விடுங்க. இப்போ பந்து கொஞ்சம் ஆடும். தலை ஆடக் கூடாது.

மூணாம் படி: பக்கத்தில் ஒருத்தர் நின்னு பந்தைக் கையிலிருந்து நழுவ விடணும். தரையில் பட்டு எழும்பும்போது அடி.

நாலாம் படி: எதிரே நாலஞ்சு மீட்டர் தள்ளி நின்னு, கையைக் கீழே வச்சு மெதுவா ஒரு குத்துப் பந்து.

ஒரு படியில் பத்துக்கு ஏழு பட்டால் அடுத்த படி. இல்லைன்னா அங்கேயே இருக்கட்டும். அவசரம் நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

17.
இப்போ அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். 40 பிள்ளைகள், நாலு நாலு பேராப் பத்துக் குழு. ஒருத்தர் அடிக்க, ஒருத்தர் பந்தை வைக்க, ரெண்டு பேர் எடுக்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை மாத்து. இருபது நிமிஷத்தில் எல்லாரும் அடிச்சு முடிச்சிருப்பாங்க, ஆளுக்குக் குறைஞ்சது 15 பந்து. வாரம் ரெண்டு பீரியட், வருஷம் முப்பது வாரம்னா 900 பந்து.

அவுட் கிடையாது. டீம் கிடையாது. ஜெயிச்சவன் தோத்தவன் கிடையாது. அதெல்லாம் நாலாம் வகுப்புல வரட்டும்.

18.
பாதுகாப்புக்கு மூணு சட்டம். பத்துக் குழுவும் ஒரே திசையில் அடிக்கணும். அடிக்கிறவரைச் சுத்திச் சுண்ணாம்பில் ஒரு பெரிய வட்டம், பந்தை வச்சவர் அதுக்கு வெளியே போன பிறகுதான் அடி. விசில் ஊதினதும் பேட் தரையில், அப்புறம்தான் பந்து பொறுக்கணும். முதல் வாரம் முழுக்க இதை மட்டும் பழக்கினாலும் தப்பில்லை.

நேரமும் முக்கியம். நம்ம திருச்சி வெயிலில் மதியம் பன்னெண்டு மணிக்கு மைதானத்தில் விடாதீங்க. முதல் பீரியட் அல்லது கடைசிப் பீரியட். கையில் தண்ணி பாட்டில்.

19.
"செலவு?" அரசுத் தொடக்கப் பள்ளிக்கு சமக்ர சிக்ஷாவில் விளையாட்டுப் பொருளுக்குன்னு வருஷம் 5,000 ரூபாய் வரை ஒதுக்கீடு இருக்கு. நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை. பத்துச் சின்ன மட்டை, இருபது பந்து, பத்து காலி பாட்டில். இதுக்கு மேல என்ன வேணும்?

பாய்லருக்குப் பாகம் செஞ்சு அனுப்பற ஊர் இது. துவாக்குடியில் ஒரு மரப்பட்டறையில் சொல்லி, லேசான மரத்தில் பத்து மட்டை செதுக்கி வாங்க முடியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்.

20.
பந்துக்கு ஒரு யோசனை. பூப்பந்து ஆடற மஞ்சள் உல்லன் பந்து தெரியுமில்லையா? 27 முதல் 30 கிராம்தான். பட்டாலும் பெருசா வலிக்காது, ரொம்ப தூரம் ஓடாது, பாட்டில் மேல் உருளாம உட்காரும். முதல் ரெண்டு படிக்கு இதைவிட நல்ல பந்து எனக்குத் தெரியலை.

அந்த ஆட்டம் எங்கே பிறந்ததுன்னு நினைக்கிறீங்க? இதே ரோட்டில் நேராப் போனா வர்ற தஞ்சாவூரில். 1856 வாக்கிலேயே அரச குடும்பத்தினர் ஆடியிருக்காங்க. அந்தப் பந்தை நம்ம ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுவர நமக்குத் தோணலை.

21.
"எதுக்கு டாக்டர் கிரிக்கெட்? நம்ம ஆட்டம் எதுவும் இல்லையா?"

நான் சொல்லிக்கொடுக்கச் சொல்றது அடிக்கிற திறனை. அது வந்துட்டா பூப்பந்து, ஹாக்கி, டென்னிஸ் எல்லாத்துக்கும் உதவும். கிட்டிப்புள்ளுக்கும் அதேதான். உண்மையில் கிட்டிப்புள் ரொம்பக் கஷ்டமான பேட்டிங்: முதல் தட்டில் எழுப்பணும், ரெண்டாம் தட்டில் காத்துல அடிக்கணும். நம்ம தாத்தாக்கள் கில்லாடிகள்தான்.

ஆனா கூர்முனைக் கிட்டி கண்ணில் பாய்ஞ்சு பார்வை போன பிள்ளைகள் கதை இந்தியாவில் எந்தக் கண் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வாங்க. பாரம்பரியம்ங்கறதுக்காக ஆறு வயசு கையில் கூர்க்கட்டையைக் கொடுக்காதீங்க. மரபு மேல ஆசைன்னா மஞ்சள் பந்தை எடுங்க.

22.
பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு பதிவு.

2013 மகளிர் உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 100 அடிச்ச திருஷ்காமினி சென்னைக்காரர். உலகக் கோப்பையில் சதம் அடிச்ச முதல் இந்தியப் பெண். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஒன்றாம் வகுப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பு பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்து வயசில் தெரியற வித்தியாசத்தில் பெரும்பகுதி யார் கையில் மட்டையைக் கொடுத்தோம், யாரைக் கோலம் போட உட்கார வச்சோம் என்பதுதான். "பசங்க கிரிக்கெட், பொண்ணுங்க ஸ்கிப்பிங்"னு ஒரு பள்ளி பிரிச்சா அந்த வித்தியாசத்தைப் பள்ளியே உண்டாக்குது.

23.
டாக்டரா எனக்கு ரொம்ப முக்கியமான பதிவு இது.

ஓடி வர்ற பந்தை ஆறு வயசுப் பிள்ளை தவற விட்டா அது இயல்பு. ஆனா சில வாரம் பழகின பிறகும் அசையாத பந்தே படலை, தலையைச் சாய்ச்சுப் பார்க்குது, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அடிக்குதுன்னா கண் பரிசோதனை பண்ணுங்க. சோம்பேறிக் கண்ணா இருக்கலாம். ஒரு கண் நல்லாத் தெரியறதால பிள்ளைக்கே தெரியாது, சொல்லாது. சின்ன வயசில் பிடிச்சா சரிபண்ணும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போகக் கஷ்டம்.

கண் சரியா இருந்தும் ஓட்டம், பட்டன் போடறது, எழுதறது எல்லாத்திலும் தடுமாறினா அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடா இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு அஞ்சாறு பேருக்கு இது உண்டு. இவங்களைத்தான் நாம் "மக்கு", "சோம்பேறி"ன்னு சொல்லி வளர்க்கிறோம்.

ஒழுங்கா நடக்கிற பி.டி. பீரியட் செலவில்லாத மருத்துவ முகாம்.

24.
கண்ணாடி பவருக்கு வருவோம். சீனாவில் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஆய்வு, 2015-ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியில் ஒரு வகுப்பு. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வெளியே போனவங்களில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம். வழக்கம்போல உள்ளேயே இருந்தவங்களில் 39.5 சதவீதம்.

40 நிமிஷம். சரியா ஒரு பீரியட். கணக்கு டீச்சர் கடன் வாங்கினது பிள்ளையோட கண்ணிலிருந்தும்தான்.

25.
5 முதல் 17 வயசு வரை தினமும் சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்கற அளவு உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் முழுசா நடந்தாலே இதில் கால்வாசியைத் தொடாது. மீதி மாலையில் வீட்டுல ஆடித்தான் வரணும். ஆடத் தெரியாத பிள்ளை மாலையில் என்ன ஆடும்? மத்தவங்க கேலி பண்ணுவாங்கன்னு போனை எடுத்துக்கிட்டு மூலையில் உட்காரும்.

திறன் வந்த பிள்ளையை "வீட்டுக்கு வா"ன்னு நாமதான் கூப்பிடணும்.

26.
"படிப்பு கெட்டுடும்." எந்தப் படிப்பு? ரெண்டாம் வகுப்பில் வாரத்துக்கு எண்பது நிமிஷம் போனதால் நீட் போயிடுமா? சேர்ந்தாற்போல உட்கார வச்ச பிள்ளை கடைசிப் பீரியடில் எவ்வளவு கவனிக்குதுன்னு டீச்சர்களுக்கே தெரியும். ஆடிட்டு வந்த பிள்ளையையும் ஆடாத பிள்ளையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவங்க அவங்கதான், அவங்களே கமெண்ட்ல சொல்லட்டும்.

27.
என்ன செய்யலாம்? மூணு பேருக்கு மூணு வேலை.

அரசுப் பள்ளிப் பெற்றோர்: பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு நீங்கதான், அது சட்டம். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் ரெண்டே கேள்வி கேளுங்க. விளையாட்டுப் பணத்தில் இந்த வருஷம் என்ன வாங்கினீங்க? அது பீரோவுக்குள் இருக்கா, பிள்ளைங்க கையில் இருக்கா?

தனியார் பள்ளிப் பெற்றோர்: ஸ்மார்ட் கிளாஸ் இருக்கான்னு கேட்டுச் சேர்த்தீங்க. மைதானம் எங்கேன்னும், ஒன்றாம் வகுப்புக்கு அதில் எப்போ இடம்னும் கேளுங்க.

கல்வித் துறை: 1 முதல் 5 வரைக்கும் உடற்கல்விக்கு ஆள் போடுங்க. முடியலைன்னா நாலு பள்ளிக்கு ஒருத்தர், வாரம் ஒரு நாள் வரட்டும். துவாக்குடி இருக்கிறது திருவெறும்பூர் தொகுதி. 2021-ல் இங்கே ஜெயிச்ச அன்பில் மகேஸ்தான் பள்ளிக் கல்வித் துறை அமைச்சரானார். பள்ளிக் கல்வி அமைச்சரையே கொடுத்த தொகுதியில் ஆரம்பிக்கலைன்னா வேற எங்கே ஆரம்பிக்கறது?

28.
கடைசியா. இந்த நாற்பது பேரில் ஒருத்தர்கூட ரஞ்சி ஆட வேண்டாம். டி.என்.பி.எல். ஏலத்தில் பேர் வர வேண்டாம். முப்பத்தஞ்சு வயசுல ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் வெக்கப்படாம மட்டையைக் கையில் எடுக்கணும். தன் பொண்ணுக்கு ஒரு பந்து வச்சு "பாரு, எட்டு வை, அடி"ன்னு சொல்லத் தெரியணும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நான் எழுதற மாத்திரையைவிட அது மலிவு.

கணக்கு டீச்சருக்கு வணக்கம். நாளைக்கு அந்தப் பீரியடை விட்டுடுங்க.

(முடிந்தது. உங்க பள்ளி பெற்றோர் குரூப்புல ஷேர் பண்ணுங்க. பி.டி. சார்கள் யாராவது படிச்சா, நீங்க எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீங்கன்னு கீழே எழுதுங்க, எல்லாருக்கும் உதவும்.)